குளம்புக் கத்திக்கு வைத்த பொட்டு

“அந்தக் கறுப்புச் சிப்பாய்களுக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்? உங்க வூட்ல யாராச்சும் பட்டாளத்துல இருந்தாங்களா?”

எங்கள் துறைத்தலைவர் மொத்த வகுப்பும் கேட்கும்படி இதைக் கேட்டார். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுக்கும் நாள் அது. மற்றவர்கள் தீர்த்தமலைக் கோயில், கடத்தூர்ச் சந்தை, ஒகேனக்கல் பரிசல் என்று எழுதியிருந்தார்கள். நான் முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போன மேற்கிந்தியத் தீவுச் சிப்பாய்களைப் பற்றி எழுதியிருந்தேன்.

“இருந்தாத்தான் எழுதணுமா சார்?” என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, “எழுது, எழுது. யாரு வேணாங்கறா” என்று தாளில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கேள்வியின் முதல் பாதியை நான் அன்றே உதறிவிட்டேன். இரண்டாவது பாதிதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால், எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தவள் வீட்டில் ஒருவர் பட்டாளத்தில் இருந்திருந்தார்.

அந்தச் சிப்பாய்களை நான் எப்படிப் பிடித்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. கல்லூரிக் கணினி அறையில் வேறு எதையோ தேடும்போது ஒரு கட்டுரை வந்தது. மேற்கிந்தியத் தீவுகள் என்றால் அதுவரை எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான். படிக்கப் படிக்க எழுந்து போக முடியவில்லை. பிரிட்டன் ராஜாவுக்காகச் சண்டை போடுகிறோம் என்று அவர்கள் தாங்களாகவே கப்பல் ஏறி வந்தவர்கள். வந்த பிறகு அவர்களில் பெரும்பாலோர் கையில் கொடுக்கப்பட்டது மண்வெட்டி. வெள்ளைக்காரன் எதிரியாகவே இருந்தாலும் ஒரு கறுப்பன் அவனைச் சுடுவதை மேலே இருந்தவர்கள் விரும்பவில்லை. ஐரோப்பாவில் இருந்தவர்கள் குழி வெட்டினார்கள், குண்டுகளைச் சுமந்தார்கள், ரயிலில் ஏற்றி இறக்கினார்கள். பாலஸ்தீனப் பக்கம் போன சிலர்தான் துருக்கிப் படையுடன் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டார்கள். அதிகாரி ஆக வேண்டுமென்றால் சுத்த ஐரோப்பியப் பிறப்பு வேண்டும். போர் முடிந்து இத்தாலியில் காத்திருந்தபோது, கழிவறை கழுவும் வேலையும் மற்றவர்களின் அழுக்குத் துணி துவைக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தன. கடைசியில் பொறுக்க முடியாமல் எதிர்த்தார்கள். சார்ஜண்ட்கள் பலர் சேர்ந்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த இடத்தில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. பொறாமை. நூறு வருஷத்துக்கு முன்னால் தங்களுக்கு நடந்த அவமானத்தைத் தாங்களே எழுதி, தங்கள் பெயரைத் தாங்களே கீழே போட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். அம்மா இன்றும் ரேஷன் கடையில் கட்டைவிரலைத்தான் நீட்டுகிறாள். எங்களை யாராவது என்னவாவது செய்திருந்தால் அதை எழுதி வைக்க நான் பிறக்கும் வரை ஆள் இல்லை.

இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் கிணறும் உள்ள குடும்பம். ஸ்கூட்டியில் வருவாள். என் விடுதிக்குப் பேருந்து ஏறும் நிலையம் வரை என்னை அதில் கொண்டுபோய் விடுவாள். நல்லவள். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுடைய ஆய்வேட்டுத் தலைப்பு, தருமபுரிப் பகுதியிலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர்கள். அதற்கு ஆதாரம் அவள் வீட்டிலேயே புகைப்படமாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவளுடைய பூட்டன் இன்றைய ஈராக்கான மெசபடோமியா வரை போய்த் திரும்பியவர். துறைத்தலைவர் அவளைப் பார்க்கும் போதெல்லாம், “என்னம்மா, பட்டாளத்து வம்சம்!” என்பார். அவள் வெட்கப்படுவாள். நான் புத்தகத்தைப் புரட்டுவேன்.

பொங்கல் கழிந்து சென்னையில் ஒரு கருத்தரங்கு நடக்கவிருந்தது. துறையிலிருந்து ஒரே ஒரு மாணவர் கட்டுரையைத்தான் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நன்றாகப் பேசுகிறவர்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பேராசிரியர்கள் வருவார்கள் என்று விடுதியில் இருந்த சீனியர் அக்கா சொன்னார். அவரை அப்படித்தான் எடுத்தார்களாம். எனக்கு வேறு வாசல் தெரியாது. கோடைக்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் பி.எட். சேர்ந்து டீச்சராகிவிட வேண்டும் என்பது வீட்டின் முடிவு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டும். சார்ஜண்ட்கள் எழுதிய அந்த மனுவின் அசலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். டிராக்டருக்கும் ஸ்கூட்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். அவள் அப்பா வாசலிலேயே, “வா கண்ணு, வா” என்றார். உள்ளே உட்கார வைத்து, “பென்னாகரத்துல எந்தப் பக்கம் கண்ணு? ஊருக்குள்ளயா, இல்ல...” என்று நிறுத்தினார்.

“ஏரிக்கு அந்தாண்டைங்க” என்றேன்.

“செரி செரி” என்று டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். அவள் அம்மா கை நிறையப் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து தந்தார். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. பூஜை அறையை மட்டும் நான் கூடத்தில் இருந்தபடி பார்த்தேன்.

சிவப்புத் துணி விரித்து அரிவாள், ஸ்பேனர், டிராக்டர் சாவி, இவளுடைய பேனா, லேப்டாப் எல்லாம் வைத்திருந்தார்கள். நடுவில், மற்ற எதையும் விடப் பெரிய பொட்டோடு ஒரு கத்தி. மரப்பிடி. ஒரு சாண் இருக்கும். நுனி மட்டும் கொக்கி மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தது. அதற்கு மேலே சுவரில் தலைப்பாகையோடு பூட்டனின் படம்.

அவள் அப்பா கத்தியை எடுத்துவந்து வெளிச்சத்தில் காட்டினார். “எங்க தாத்தா சண்டையில வச்சிருந்தது கண்ணு. நுனிய பாரு. குத்தி இழுத்தா குடலே கையில வந்துருமாம். எத்தன துருக்கிக்காரன் உசுரு இதுல போச்சோ!”

“அப்பா, சாப்பிடற நேரத்துல” என்றாள் அவள்.

“வரலாறு படிக்கற புள்ளைங்க, தெரிஞ்சிக்கட்டும்னு சொன்னேன்.”

நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் வரும்போது அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவளுடைய ஸ்கூட்டி வேண்டாம், தோப்பு வேண்டாம். அந்தக் கத்தி வேண்டும். அது என் வீட்டுச் சுவரில் இருந்திருந்தால் துறைத்தலைவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. தங்கள் கையில் ஒரு துப்பாக்கி கொடுங்கள் என்று அத்தனை தீவுக்காரர்கள் கேட்டார்களே, அவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டு எழுதிக்கொண்டிருந்த நானும் அதையேதான் கேட்டேன். வேறு யாரோ கொன்றதற்கான ஒரு அடையாளம், எங்கள் வீட்டுப் பெயரில்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பா இப்போது கட்டட வேலைக்குப் போகிறார். என் சின்ன வயதில் மாட்டுச் சந்தையில் லாடம் கட்டுபவரோடு இருந்தார். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துப் பிடிப்பது அவர் வேலை. களி தின்றுகொண்டிருந்தவரிடம் கைபேசியை நீட்டி, “என் பிரண்டு வூட்டுல இருக்குதுப்பா. உலகப் போர்ல துருக்கிக்காரன் குடல எடுத்த கத்தி” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“குடலா? ஏ புள்ள, இது குளம்பு செதுக்கற கத்தி. எத்தன பாத்திருக்கேன். அந்த வளைஞ்ச மூக்கு, குளம்பு இடுக்குல இருக்கற கல்லு, சாணி எல்லாம் நோண்டி எடுக்கறதுக்கு. லாடம் அடிக்கறதுக்கு முன்னால இதான் வேல செய்யும்.”

“நல்லாப் பாருப்பா.”

“என்னத்த நல்லாப் பாக்கறது? பிடி மட்டும் கொஞ்சம் சீமைச் சாமான் மாதிரி இருக்குது. மத்தபடி அதேதான். அவங்க தாத்தன் பட்டாளத்துல குதிரைக்கோ கழுதைக்கோ லாடம் அடிச்சிருப்பாரு.”

அம்மா எட்டிப் பார்த்து, “அதுக்குப் போயி குங்குமம் வச்சிருக்காங்க!” என்றாள். இருவரும் மறுபடி சிரித்தார்கள். பிறகு அப்பா சிரிப்பை நிறுத்தி, “சொல்லிப்புடாத. பாவம், இத்தன வருசமா கும்புட்டிருக்காங்க. வேல செஞ்ச சாமான்தானே, ஆயுத பூஜையில இருக்கலாம்” என்றார்.

நான் சரி என்றேன். மனசுக்குள் அப்போதே எப்போது, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. துறையில் எல்லோர் முன்னாலும் அவள் கட்டுரை வாசிக்கும்போது கை தூக்கிக் கேட்பதா? அந்தக் காட்சியை நான் பலமுறை ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவளுக்குப் பட்டாளத்து வம்சம் போய்விடும். லாடம் கட்டுபவரின் வம்சம் ஆகிவிடுவாள். என் அப்பாவும் அவள் பூட்டனும் ஒரே வேலைக்காரர்கள்.

கடைசியில் அத்தனை தைரியம் வரவில்லை. நூலகத்துக்குப் பின்னால் புங்க மரத்தடியில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் இருந்து தக்காளி சாதம் தின்றுகொண்டே சொன்னேன். அக்கறையாகச் சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டேன். “கருத்தரங்குல யாராச்சும் கண்டுபிடிச்சு கேட்டா உனக்குத்தான் அசிங்கம்டீ. அதான் முன்னாடியே சொல்றேன்” என்றேன். மேற்கிந்தியச் சிப்பாய்களுக்கு நடந்ததையும் விளக்கினேன். பட்டாளத்தில் இருந்தார் என்பதாலேயே துப்பாக்கி பிடித்தார் என்று ஆகாது, சிப்பாய் என்று கூட்டிப் போய்க் கூலியாக வைத்துக்கொண்ட கதை நிறைய உண்டு என்றேன். அது என் ஆய்வேட்டின் மைய வாக்கியம். செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த வாக்கியம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.  நான் அவள் முகத்தையே பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“அப்ப குடல் கதையெல்லாம் சும்மாவா?” என்றாள்.

“சும்மாதான்.”

“எங்கப்பா செத்துருவாரு!” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நிஜமான சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

மறுநாள் ஓடி வந்தாள். முந்தின நாள் வீட்டுக்குப் போனதும் சுவரில் இருந்த படத்தை இறக்கி, பின்னால் அட்டையைப் பிரித்திருக்கிறாள். புகைப்படம் பாதியாக மடிக்கப்பட்டிருந்தது. மடித்து உள்ளே மறைத்த பாதியில், பூட்டனின் கை பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில், காதை விடைத்துக்கொண்டு ஒரு கோவேறு கழுதை நின்றது. அவர் வீட்டுக்கு வந்த பிறகு அவரே மடித்தாரோ, அவர் பிள்ளைகள் மடித்தார்களோ தெரியாது.

“எங்கப்பா அரை மணி நேரம் பேசவே இல்லடீ. அப்பறம் கழுதைய உத்துப் பாத்துட்டு, நல்ல சாதிக் கழுதையா இருக்குதேன்னாரு. நீ மட்டும் சொல்லலன்னா!” என்று என்னைக் கட்டிப் பிடித்தாள்.

அவள் கட்டுரை மூன்றே வாரத்தில் வேறு கட்டுரை ஆகிவிட்டது. ஒரு குடும்பம் ஏன் கழுதையை மடித்து மறைத்தது, கருவி ஏன் ஆயுதம் ஆனது என்று எழுதினாள். துறையில் அதை வாசித்தபோது ஒருவரும் அசையவில்லை. மடிப்புக் கோடு தெரிகிற மாதிரி அந்தப் படத்தைத் திரையில் போட்டாள். நடுவில், சிப்பாய் என்று கூட்டிப் போய்க் கூலியாக வைத்துக்கொண்டார்கள் என்றாள். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து வந்தவர்களுக்கும் இதுவே நடந்தது என்று மூன்று வரி சொன்னாள். நன்றி சொல்லும் இடத்தில் “என் தோழிக்கும்” என்றாள். துறைத்தலைவர் எழுந்து நின்று கை தட்டினார். அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் சென்னைக்குப் போகும் கட்டுரை என்று அவளுடையதை ஒட்டிவிட்டார்கள்.

நான் அவள் மேல் எறிய எடுத்த கல்லில் அவள் ஏறி நின்றுகொண்டாள். அதை விட எரிந்தது வேறொன்று. பூட்டன் லாடம் கட்டினார் என்று அவளால் ஊரறியச் சொல்ல முடிந்தது. சொன்னதால் அவள் தோப்பில் ஒரு தேங்காய் குறையவில்லை. கேட்டவர்கள் அவளை இன்னும் மதித்தார்கள். இதே வேலையை என் அப்பா செய்தார் என்பதை மூன்று வருஷப் பட்டப் படிப்பிலும் இந்த இரண்டு வருஷத்திலும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளிடம் கூட, “தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு” என்றுதான் சொல்லியிருந்தேன். நானும் மடித்துத்தான் வைத்திருந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னேன்.

“அது என் வாக்கியம்” என்றேன்.

“எது?”

“சிப்பாய்னு கூட்டிட்டுப் போயி கூலியா வச்சிக்கிட்டதுன்னு சொன்னியே, அது.”

“அதான் நன்றி சொன்னேனேடீ.”

“நன்றியில வேணாம். அடிக்குறிப்புல என் ஆய்வேட்டப் போடு. யாரு கண்டுபிடிச்சான்னு எழுதணும்ல?”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். “போடறேன். போட்டிருக்கணும், தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ எனக்கு நல்லது செய்யவா அன்னிக்கு அதச் சொன்ன?”

நான் தோள்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

“என்னக் கவுக்கத்தானே சொன்ன? உன் மூஞ்சியிலயே இருந்துச்சு புள்ள. நான்தான் கண்டுக்காத மாதிரி சிரிச்சேன். வூட்டுக்குப் போயி அழுதேன் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் பொறாமைதான். நீ எழுதற மாதிரி எனக்கு எழுத வரல. சார் என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘உனக்கு வீட்டுல விஷயம் இருக்குது, அந்தப் புள்ளைக்குத் தலையில இருக்குது’ன்னாரு.”

“அப்ப ஏன் என்னய அனுப்பல?”

“அத அவரத்தான் கேக்கணும்” என்று வண்டியைக் கிளப்பினாள். பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டாள்.

மறுநாள் போய்க் கேட்டேன். துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இங்க இருந்து ஒண்ணுதான் போக முடியும். அது விதி. தனியா யாரு அனுப்பினாலும் நான் தடுக்க முடியாது. ஆனா துறை பரிந்துரைக் கடிதம் இருக்காது, எடுப்பாங்களான்னு தெரியல” என்றார். எனக்கு அவர் சொன்னதில் தனியாக அனுப்பலாம் என்பது மட்டும் காதில் விழுந்தது.

பத்து நாள் கணினி அறையில் உட்கார்ந்தேன். மேற்கிந்தியச் சிப்பாய்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக எழுதியிருந்த பக்கங்களை எடுத்துவிட்டேன். அவர்களுக்குத் துப்பாக்கி ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது, மண்வெட்டி ஏன் அவ்வளவு சுட்டது, அந்தச் சூட்டை உண்டாக்கியது மண்வெட்டியா அல்லது இன்னார்தான் இதைப் பிடிக்க வேண்டும் என்ற விதியா என்று எழுதினேன். கூடவே குண்டு சுமந்த வெள்ளைக்காரனும் உண்டு. ஆனால் நாளை அவனைத் துப்பாக்கியோடு முன்னால் அனுப்புவார்கள். இவனை அனுப்ப மாட்டார்கள். அதுதான் வித்தியாசம் என்று எழுதும்போது எனக்கு எந்த நூலும் தேவைப்படவில்லை.

குளம்புக் கத்தி பற்றி ஒரே ஒரு பத்தி வைத்தேன். அவள் குடும்பத்தின் அனுமதியைக் கேட்டுத்தான் வைத்தேன். அதன் கீழே, கத்தியை அடையாளம் சொன்னவர் மாட்டுச் சந்தையில் லாடம் கட்டும் வேலை பார்த்தவர், கட்டுரையாளரின் தந்தை என்று குறித்து, அப்பாவின் பெயரை முழுசாக எழுதினேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, “என் பேரா? எதுக்குப் புள்ள? போலீஸ் கேசா?” என்றார்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அவள் சென்னைக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்த புடவையைக் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சில விநாடிகள் ஆயின. அவள் பேசி முடித்ததும் யாராவது பேராசிரியர் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார் என்று நினைக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

நேற்றுக் காலை கருத்தரங்குக்காரர்களின் மின்னஞ்சல் முகவரிக்கு என் கட்டுரையை அனுப்பினேன். விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். மதியம், கிடைத்தது என்று இரண்டு வரி பதில் வந்தது. உடனே சென்னை ஆவணக் காப்பகத்தின் வாசகர் அட்டைக்கும் விண்ணப்பம் எழுதி, அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.